தவக்காலத்தில் பாடாத சொல்

1. சீக்கிரமாக உயிர்த்த ஞாயிறு

கிள்ளானில் எங்கள் பங்கின் தமிழ்ப் பாடகர் குழுவுக்கு நான் பொறுப்பேற்ற ஆண்டு, தவக்காலத்தின் முதல் ஞாயிறன்றே கோயில் முழுக்கச் சிரிக்கும்படி ஒரு தவறு நடந்தது.

பாடகர் குழுவில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மற்ற ஞாயிறுகளில் நற்செய்தி வாசிப்பதற்கு முன் எல்லாரும் எழுந்து நின்று 'அல்லேலூயா' பாடுவோம். சாம்பல் புதன் தொடங்கி உயிர்ப்பு விழாவின் திருவிழிப்பு வரை அந்தச் சொல்லை வாயில் எடுக்க மாட்டோம். அதற்குப் பதில் வேறொரு வாழ்த்தொலி பாடப்படும். ஆண்டு முழுவதும் சொல்லிப் பழகிய சொல்லைச் சில வாரங்கள் மூடி வைப்பது. கேட்பதற்குச் சுலபம்.

அன்று இரண்டாம் வாசகம் முடிந்தது. கீபோர்டில் இருந்த ரேமண்ட் தன் வழக்கப்படி அல்லேலூயாவின் முன்னிசையை வாசித்துவிட்டார். ரேமண்ட் ஏர்கோன் எனும் குளிர்சாதனம் பழுது பார்ப்பவர். காதால் கேட்டே வாசிக்கக் கற்றவர். அவர் கை வைத்ததும் மக்கள் எழுந்தார்கள், வாய் திறந்தார்கள். பாதிக் கோயில் முழுச் சொல்லையும் பாடி முடித்தது. மீதிப் பாதிக்கு நடுவில் ஞாபகம் வந்து 'அல்லே' என்பதோடு விழுங்கியது. நான் இரண்டு கைகளையும் ஆட்டி நிறுத்தப் பார்த்தேன். நான் உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்துப் பின்வரிசைக்காரர்கள் இன்னும் சத்தமாகப் பாடினார்கள்.

ஃபாதர் வாசக மேடைக்கு வந்து மைக்கைச் சரி செய்தார்.

"பரவால்ல. நீங்கள்லாம் கொஞ்சம் சீக்கிரமா உயிர்த்துட்டீங்க. இயேசு இன்னும் பாலைவனத்துலதான் இருக்காரு. வாங்க, அவரையும் போய்ப் பாத்துட்டு வருவோம்."

அன்றைய நற்செய்தி, இயேசு பாலைவனத்தில் சோதிக்கப்பட்ட பகுதி. சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆனது. எனக்கு மட்டும் முகம் எரிந்தது.

திருப்பலி முடிந்ததும் ரேமண்ட் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "சாரி சிஸ். கை தானா போயிருச்சுலா."

பதில் சொன்னது லூர்து அக்கா. குழுவின் முன்வரிசையில் நிற்பவர். அன்று குழுவில் உதட்டைத் திறக்காமல் நின்ற ஒரே ஆள் அவர்தான்.

"கை தானா போகுமா? அப்ப நாளைக்குக் காலையில என் கடைக்கு வா ரேமண்டு. கை தானா தோசை சுடட்டும். நான் கல்லாவுல குந்திக்கிறேன்."

அந்த வாரம் நான் ஒரு முடிவு எடுத்தேன். உயிர்ப்பு விழாவுக்கான பாடல்களை எப்படியும் தவக்காலத்தில்தான் பயிற்சி செய்தாக வேண்டும். புதன்கிழமை பயிற்சியில் அந்தச் சொல்லை வாய் நிறையப் பாடிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மறக்கச் சொன்னால் நாக்கு கேட்காது. ஆகவே பயிற்சியிலும் அந்தச் சொல் கிடையாது. அது வரும் இடத்தில் 'லா லா லா லா' என்று மட்டும் பாட வேண்டும்.

"மலேசியாக்காரனுக்கு லா போடச் சொல்லித் தரணுமா?" என்றார் ரேமண்ட். எங்கள் ஊர்ப் பேச்சில் பாதி வாக்கியம் 'லா'வில்தான் முடியும்.

அதற்குப் பிறகு எங்கள் குழுவில் அந்தத் தவறு நடக்கவில்லை. அந்தப் பயிற்சிமுறை இன்னும் இருக்கிறது.

2. என் வேலை

நான் செய்யும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வார நாட்களில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் இசைப் பள்ளியில் கீபோர்ட் சொல்லிக் கொடுக்கிறேன். கிள்ளானிலிருந்து கொமூட்டர் ரயிலில் போய் வருவேன். வார இறுதியிலும் திருவிழாக் காலங்களிலும் பங்கின் வேலை. எந்த ஞாயிறுக்கு எந்தப் பாட்டு என்று தேர்ந்தெடுப்பது, குரல்களைப் பிரித்து எழுதுவது, பயிற்சி நடத்துவது, திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் பாட ஆள் சேர்ப்பது. மற்ற மொழிக் குழுக்களோடு யார் எந்த இடத்தில் பாடுவது என்று பேசி முடிப்பதும் இதில் சேரும். கடைசியாகச் சொன்னதில்தான் அதிக நேரம் போகும்.

என் அப்பா கிள்ளானுக்கு வெளியே எண்ணெய்க்காக வளர்க்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டினார். அம்மா உரம் போட்டார். இருவரும் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கக் கற்ற முதல் ஆள் நான், பட்டயம் வாங்கிய முதல் ஆளும் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. நான்கு குரலுக்குப் பிரித்து நான் எழுதிய ஒரு பாட்டின் தாளை அப்பா கேட்டு வாங்கி, வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார். வீட்டுக்கு வருபவர்களிடம், "பாருங்க, என் மக எழுதுனது. கறுப்பு கறுப்பா இருக்குல்ல, அதான் ராகம்" என்பார். வந்தவர் சமையலுக்கு கேஸ் தோம்பு தூக்கிக்கொண்டு வந்தவராக இருந்தாலும் காட்டாமல் விட மாட்டார்.

3. எல்லாருக்கும் தெரிந்த ஒரே சொல்

எங்கள் பங்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ், ஆங்கிலம், மண்டரின், மலாய் என்று தனித்தனியாகத் திருப்பலி நடக்கும். உயிர்ப்பு விழாவுக்கு முந்தின நாள் இருட்டிய பின் நடக்கும் பாஸ்கா திருவிழிப்பு மட்டும் எல்லாருக்கும் சேர்த்து ஒன்றுதான். ஒரு வாசகம் தமிழில், அடுத்தது மலாயில், ஒரு பாட்டு ஆங்கிலத்தில் என்று போகும். தன் மொழி வரும்போது ஒரு பகுதி நிமிர்ந்து உட்காரும். மற்றவர்கள் தாளைப் புரட்டுவார்கள்.

அந்த மாலையில் எல்லாரும் சேர்ந்து, தாளைப் பார்க்காமல், மொழிபெயர்ப்பு தேவைப்படாமல் பாடும் இடம் ஒன்று உண்டு. திருத்தூதரின் கடிதமான திருமுகத்தை வாசித்து முடிந்ததும் அல்லேலூயா திரும்பி வரும் இடம். ஒருவர் தனியாக எடுத்துப் பாடுவார், கோயில் பதில் பாடும். மூன்று முறை. ஒவ்வொரு முறையும் சுருதி ஒரு படி ஏறும். பிறகு திருப்பாடலின் அடிகள் தொடரும். முறைப்படி குருவானவர் எடுத்துப் பாட வேண்டும். அவரால் முடியாவிட்டால் பாடகர் பாடலாம். எங்கள் ஃபாதர் ஒளிவுமறைவில்லாமல், "எனக்குத் தெரிஞ்சது ஒரே சுருதி. அது பிரசங்க சுருதி" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வார். பல ஆண்டுகளாக அதை எடுத்துப் பாடியவர் லூர்து அக்கா.

அவர் குரல் தேன் என்று சொல்ல மாட்டேன். காய்கறிப் பாசாருக்குப் பக்கத்தில் காலைப் பசியாறல் கடை வைத்திருந்தார். 'ரெண்டு தோசை, ஒரு தே தாரிக், மேசை ஓரத்துல' என்று தோசைக்கும் தேநீருக்கும் சத்தம் போட்டே கொஞ்சம் கரகரத்துப்போன குரல். ஆனால் மூடி வைத்திருந்த சொல்லை அவர் அந்தக் குரலில் திறக்கும்போது சீனப் பாட்டிகளும் சபா மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்த பையன்களும் ஒரே மூச்சில் பதில் சொல்வார்கள். ஆங்கிலக் குழுவின் தலைவி ஒருமுறை என்னிடம், "வேறெதுக்கு வேணும்னாலும் சண்டை போடுவேன், அந்த இடத்துக்கு மட்டும் போட மாட்டேன்" என்றார்.

அக்காவின் கணவர் கணேசன் அங்கிள் ஸ்கூல் வேன் ஓட்டுபவர். அவர் இந்து. வெள்ளிக்கிழமை முருகன் கோயிலுக்குப் போவார். ஞாயிறும் புதனும் அக்காவை வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கோயில் கார் நிறுத்துமிடத்தில் சன்னலோரமாக வேனைப் போட்டுக்கொண்டு உள்ளேயே இருப்பார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

"உள்ள வந்து உக்காருங்களேன் அங்கிள்" என்று நான் ஒருநாள் கூப்பிட்டேன்.

"வேணாம்மா. உள்ள வந்தா அவ என்னைத்தான் பாத்துக்கிட்டு இருப்பா, பாட்டுல கோட்டை விட்ருவா."

அக்கா பின்னாலிருந்து, "ஆமா, இவரு பெரிய எம்ஜிஆரு. கண்ணை எடுக்க முடியாது பாரு" என்றார்.

4. வாசலில் நின்று கேட்டது

போன ஆண்டு புத்தாண்டு முடிந்த கையோடு லூர்து அக்காவின் கடை மூடிக் கிடந்தது. முதலில் வாய்வு என்றார்கள், பிறகு மஞ்சள் காமாலை என்றார்கள். கடைசியில் கணையத்தில் புற்று என்று தெரிந்தது. முற்றிய நிலை. மருத்துவமனையில் செய்வதற்கு ஒன்றுமில்லை, வலி தெரியாமல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார்கள். வாரம் சில முறை ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்து பார்த்தார்.

சாம்பல் புதனன்று அக்காவிடமிருந்து எனக்கு ஒரு குரல் செய்தி வந்தது. "ஈஸ்டருக்கு என் எடத்தை வேற யாருக்கும் குடுத்துராத. நான் வருவேன்."

உங்கள் இடம் அப்படியே இருக்கிறது என்று பதில் அனுப்பினேன். அது பொய்யில்லை. இந்த வேலையில் மாற்று ஏற்பாடு இல்லாமல் இருக்க முடியாது என்பதால், வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அந்த மூன்று படிகளையும் நானே 'லா' போட்டுப் பாடிப் பார்த்தேன். மூன்றாவது படி என் குரலுக்கு எட்டியும் எட்டாமலும் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

தவக்காலத்தின் நடுவில் ஒரு புதன்கிழமை, பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது கணேசன் அங்கிள் தனியாக வந்தார். வேனில் உட்கார்ந்திருக்கவில்லை. மண்டபத்து வாசல்வரை வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, நிலைக்கு வெளியே நின்றார். நான் எழுந்து போனேன்.

"நர்ஸ் சொல்லிட்டாங்கம்மா. ஈஸ்டர் வரைக்கும் தாங்காதாம்."

நான் ஒரு நாற்காலியை நகர்த்தினேன். அவர் உட்காரவில்லை.

"அவளுக்கு அந்த ஒரு பாட்டுதான் நெனப்பு. தூக்கத்துலயும் முணுமுணுக்கிறா. நீங்கள்லாம் வீட்டுக்கு வந்து அந்த அல்லேலூயாவைப் பாடிட்டுப் போயிருங்க. கேட்டுட்டுப் போகட்டும். இப்பப் பாடக் கூடாதுன்னு எனக்கும் தெரியும்மா, அவளோட இருந்து எனக்கும் ரூல்ஸ்லாம் தெரியும். ஆனா ஒரு தடவை. ஒரே ஒரு தடவை."

அவர் பேசும்போது குழு மொத்தமும் தாளைப் பார்ப்பதுபோல் குனிந்திருந்தது.

நான் ஃபாதரிடம் போனேன். அவர் நான் சொல்வதைக் கேட்டு முடித்துவிட்டு, "அந்தச் சட்டம் வழிபாட்டுக்குப் போட்டது. நோயாளியோட கட்டிலுக்கு யாரும் சட்டம் போடல. போய்ப் பாடிட்டு வா. நானும் எண்ணெய் எடுத்துக்கிட்டு நோயில் பூசுதல் குடுக்க வரணும், ஆனா அது நாளைக்கே குடுத்துர்றேன். உங்க பாட்டுக்கு நடுவுல நான் வேணாம்" என்றார்.

5. இஸ்திரி மேசையில் கீபோர்ட்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் போனோம். நான், ரேமண்ட், குழுவில் இன்னும் சிலர். வரிசை வீடு. முன்கூடத்தில் வாடகைக்கு எடுத்த மருத்துவக் கட்டில். சுவரில் மாதா படமும் முருகன் படமும் பக்கத்துப் பக்கத்தில், இரண்டுக்கும் ஒரே அளவு மாலை. ரேமண்ட் சின்ன கீபோர்டைக் கொண்டுவந்திருந்தார். வைக்க இடமில்லாமல் அங்கிள் இஸ்திரி போடும் மேசையை விரித்துக் கொடுத்தார்.

அக்கா பாதியாக இளைத்திருந்தார். கண் மட்டும் அப்படியே இருந்தது. இஸ்திரி மேசையைப் பார்த்துவிட்டு, "ரேமண்டு, நல்லா மடிப்பு கலையாம வாசி" என்றார்.

முதலில் தவக்காலப் பாட்டு இரண்டு பாடினோம். சிலுவைப் பாதையில் பாடும் பாட்டு ஒன்று. அக்கா கண்ணை மூடிக் கேட்டார். பிறகு அங்கிள் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். நான் ரேமண்டிடம் சுருதி கேட்டேன். அவர் ஒரே ஒரு கட்டையை அழுத்தினார். நான் மூச்சு எடுத்தேன்.

லூர்து அக்கா உள்ளங்கையை உயர்த்தினார்.

"என்ன பாடப் போற?"

"உங்க பாட்டுதான், அக்கா."

"ஈஸ்டர் வந்துருச்சா?"

அங்கிள் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தார். "நான்தான் கூப்பிட்டேன் லூர்து. ஃபாதரும் சரின்னுட்டாரு. பாடட்டும்."

"ஃபாதர்கிட்ட கேட்டீங்க. குழுகிட்ட கேட்டீங்க. எங்கிட்ட கேட்டீங்களா?"

"உனக்காகத்தானே கேட்டேன்?"

"எனக்காகன்னா ஏன் இப்ப? ஈஸ்டருக்குப் பாடலாம்ல?"

அங்கிள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"ரூல்ஸுக்காக அடம் புடிக்கிறியா?" அவர் குரல் உடைந்தது. "இப்பகூட என்ன ரூல்ஸ்?"

"ரூல்ஸு கெடக்குதுங்க" என்றார் அக்கா. மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். "நீங்க இப்பப் பாடுனா, நான் இருக்க மாட்டேன்னு எல்லாரும் சேந்து முடிவு பண்ணிட்டீங்கன்னு அர்த்தம். அதை எங்காதுல பாட்டாவே பாடிட்டுப் போவீங்க. எனக்கு அது வேணாம். வருஷா வருஷம் இந்த நாள்ல நான் என்ன பண்ணுவேன்? ஈஸ்டருக்குக் காத்துக்கிட்டு இருப்பேன். இந்த வருஷமும் நான் காத்துக்கிட்டுதான் இருக்கேன். என்னைக் காத்திருக்க விடுங்க. வருமா வராதாங்கிறது ஆண்டவர் வேலை. காத்திருக்கிறது என் வேலை."

பிறகு என் பக்கம் திரும்பினார். "பிராக்டிஸ் பண்ணலாம். அதுக்குத் தடையில்ல. லா போடு."

நாங்கள் 'லா' போட்டுப் பாடினோம். முதல் படியை அக்கா தானே எடுத்தார். பாதியில் மூச்சு நின்றது. நாங்கள் நின்றோம். யாரும் அவருக்காக அதை முடித்துக் கொடுக்கவில்லை. எப்படி எங்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அந்தப் புத்தி வந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டு மீதியைப் பாடி முடித்த பிறகுதான் பதில் பாடினோம். இரண்டாவது படிக்கு அவர் விரலால் மட்டும் என்னைக் காட்டினார். நான் எடுத்தேன். மூன்றாவதையும் நான் எடுத்தேன்.

"மேல போறப்ப பயப்படுற" என்றார். "பயந்தா அது உன் தொண்டையிலயே நின்னுரும். சத்தமா விடு. என்ன, கூரையா பிச்சிக்கப் போவுது?"

பாடி முடித்தபோது அங்கிள் கூடத்தில் இல்லை. வெளியே வேனில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எஞ்சின் ஓடவில்லை. எங்கள் பாட்டு முடிந்து வெகு நேரம் கழித்து உள்ளே வந்து, யாரிடமும் ஒன்றும் கேட்காமல், எல்லாருக்கும் தே கலக்கினார்.

நாங்கள் கிளம்பும்போது அக்கா அவர் கையைத் தன் கைக்குள் வைத்திருந்தார். "சனிக்கிழமை சாயங்காலம் வேன் வேணும்" என்று அவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "ஈஸ்டர் சனிக்கிழமை. வேற டிரிப் எடுத்துராதீங்க."

"எடுக்கல" என்றார் அங்கிள். "அன்னிக்கு உனக்குத்தான்."

6. அடக்கத்துக்கு என்ன பாட்டு

குருத்து ஞாயிறன்று அவருக்கு மந்திரித்த குருத்தோலை கொண்டுபோய்க் கொடுத்தோம். மறுநாள் விடிந்த சற்று நேரத்தில் லூர்து அக்கா இறந்தார்.

பெரிய வியாழன் தொடங்கிவிட்டால் உயிர்ப்பு விழா வரை அடக்கத் திருப்பலி நடத்த முடியாது. புதன்கிழமை காலையே அடக்கம் என்று முடிவானது. பாட்டுகளைத் தேர்ந்தெடுக்க நான் வீட்டுக்குப் போனேன். வாசலில் கூடாரம் போட்டு நாற்காலிகள் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கிள் வேனின் திறந்த கதவருகே படியில் உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அக்காவின் உறவினர்கள் இருவர் ஏற்கெனவே என்னிடம் கேட்டிருந்தார்கள், அவருடைய அல்லேலூயாவைக் கல்லறையில் பாட முடியாதா என்று. தவக்காலத்தில் அடக்கத் திருப்பலியிலும் அந்தச் சொல் கிடையாது. கல்லறைத் தோட்டத்தில் பாடினால் யார் தடுக்கப் போகிறார்கள் என்பது அவர்கள் வாதம். நான் அங்கிளிடம் அதை மறைக்காமல் சொன்னேன். "நீங்கதான் சொல்லணும் அங்கிள். நீங்க பாடச் சொன்னா பாடுறேன்."

யாரோ வந்து அவர் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். யாரோ அழுதார்கள்.

"வேணாம்மா" என்றார் கடைசியில். "கடைசி மூச்சு வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தா. இனிமே நாம முந்திக்கிட்டா நல்லாவா இருக்கும்?"

பிறகு கேட்டார். "அது எப்ப வரும்?"

"சனிக்கிழமை, இருட்டினப்புறம்."

"வெளிய நின்னா கேக்குமா?"

"பூசையே வெளியதான் தொடங்கும் அங்கிள். கார் நிக்கிற எடத்துல நெருப்பு மூட்டுவோம். எல்லாரும் நெருப்பைச் சுத்தித்தான் நிப்போம். பெறகு பாஸ்கா திரி பின்னால எல்லாருமா உள்ள போவோம். நீங்களும் வாங்க."

"நான் உள்ள வரலாமா?"

"அக்கா அன்னிக்கு வேன் புக் பண்ணியிருக்காங்க. வராம இருந்தா உங்களைத்தான் திட்டுவாங்க."

அவர் சிரித்துவிட்டார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

புதன்கிழமை அடக்கத்தில் தவக்காலப் பாடல்களை மட்டும் பாடினோம். ரேமண்ட் மெதுவாக வாசித்தார். கல்லறையில் வாத்தியம் இல்லாமல் ஒரு திருப்பாடல். அந்த ராகத்தின் பக்கமே நான் போகவில்லை.

7. திருவிழிப்பு

சனிக்கிழமை மாலை கார் நிறுத்துமிடத்தில் நெருப்பு மூட்டினார்கள். வண்டிகள் நிற்காதபடி அந்த இடத்தைக் கயிறு கட்டி மூடியிருந்தார்கள். கணேசன் அங்கிள் வேனைச் சாலையிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தார். வெள்ளைச் சட்டை. கையில் மற்றவர்களைப் போலவே அட்டை வளையம் போட்ட மெழுகுதிரி. பாஸ்கா திரியின் பின்னால் இருட்டான கோயிலுக்குள் எல்லாரும் நுழைந்தபோது அவரும் நுழைந்தார். கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் நின்றார். நான் பாடகர் இடத்திலிருந்து பார்த்துக்கொண்டேன்.

திரிகளை அணைத்தோம். வாசகங்கள் ஒவ்வொரு மொழியிலும் நடந்தன. வானவர் கீதத்துக்கு மணிகள் அடித்தார்கள், விளக்குகள் எல்லாம் எரிந்தன. திருமுகம் மலாயில் வாசிக்கப்பட்டது. வாசித்தவர் இறங்கிப் போனார். எல்லாரும் எழுந்தார்கள்.

ஃபாதர் என்னைப் பார்த்தார்.

எனக்குப் பயம் இருந்தது. அந்தப் பயத்தை அக்கா கண்டுபிடித்த இடம் எது என்றும் எனக்குத் தெரிந்திருந்தது. ரேமண்ட் ஒரு கட்டையைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தார். நான் முதல் அல்லேலூயாவை எடுத்தேன். இத்தனை வாரங்களாக வாய்க்குள் 'லா'வாகவே கிடந்த சொல் முழுசாக வெளியே வந்தது. கோயில் பதில் பாடியது. ஒரு படி ஏறி மறுபடியும். இன்னும் சத்தமாகப் பதில் வந்தது. மூன்றாவதைச் சத்தமாக விட்டேன். எட்டியது. கூரை பிய்த்துக்கொள்ளவில்லை. மக்கள் பாடிய பதிலில் முன்வரிசை மெழுகுதிரிப் பெட்டியின் தகர மூடி அதிர்ந்ததை ரேமண்ட் பிறகு சொன்னார்.

அடுத்து நான் திருப்பாடலின் முதல் அடியைத் தொடங்க வேண்டும். ரேமண்ட் கையை கீபோர்டின்மேல் கொண்டுபோனார். அப்போது பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் வந்தது.

கணேசன் அங்கிள் பாடிக்கொண்டிருந்தார். அல்லேலூயாவை, நான் தொடங்கிய முதல் படியிலிருந்து, தனியாக. பதில் பாடுபவர் பாடுவது போல அல்ல, எடுத்துக் கொடுப்பவர் பாடுவது போல. கண் மூடியிருந்தது. அணைந்த மெழுகுதிரியை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார். சுருதி கொஞ்சம் தாழ்ந்திருந்தது. ராகத்தில் ஒரு நெளிவுகூடத் தவறவில்லை. அக்கா எந்த இடத்தில் இழுப்பாரோ அந்த இடத்தில் இழுத்தார்.

கோயில் திரும்பிப் பார்த்தது. வரிசை பார்க்கும் தன்னார்வலர் ஒருவர் அவர் பக்கமாக நகர்ந்தார். ஃபாதர் வேண்டாம் என்று தலையை இலேசாக அசைத்தார். தன்னார்வலர் நின்றுவிட்டார். ஃபாதர் கைகளைக் கட்டிக்கொண்டு, வாசக மேடைக்குப் போகும் அவசரம் எதுவும் இல்லாமல், நின்ற இடத்திலேயே காத்திருந்தார்.

அங்கிள் பாடி முடித்தார். எடுத்துப் பாடியவருக்குப் பதில் வர வேண்டும். அது என் வேலை. நான் பதிலைத் தொடங்கினேன். குழு சேர்ந்தது. பிறகு எல்லாரும் சேர்ந்தார்கள், சீனப் பாட்டிகள், பிலிப்பீன்ஸ் பெண்கள், சபா பையன்கள், எல்லாரும். அங்கிள் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். அவ்வளவு பெரிய கோயில் தனக்குப் பதில் சொல்கிறது என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. பக்கத்தில் நின்ற ஒரு சீனக் கிழவர் அவர் முதுகில் கை வைத்தார்.

ரேமண்டின் கண்ணாடியில் நீர் படிந்திருந்தது. அவர் எனக்கு மீண்டும் ஒருமுறை சுருதி கொடுத்தார். நான் திருப்பாடலின் முதல் அடியைப் பாடினேன்.

8. இளைய பாடகர்களுக்கு

பயிற்சிப் பட்டறைகளுக்கு என்னைக் கூப்பிடும்போது சுருதி, மூச்சு, உச்சரிப்பு பற்றித்தான் முதலில் பேசுகிறேன். அவை இல்லாமல் இந்த வேலை நடக்காது. தவக்காலத்தில் எதைப் பாடக் கூடாது, பெரிய வெள்ளியில் எந்த வாத்தியத்தைத் தொடக் கூடாது என்பதையும் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறேன். நான் படித்துக் கற்றவள். கற்றுக்கொள்வதைக் குறைத்துப் பேச மாட்டேன்.

இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். நோயுற்ற ஒருவருக்காகப் பாட வரும்படி உங்களை அழைப்பார்கள். அழைப்பவர் பெரும்பாலும் கணவராகவோ மகளாகவோ இருப்பார். அன்பினால்தான் அழைப்பார். பாட்டையும் அவரே சொல்லிவிடுவார். நீங்கள் போங்கள். போனதும் தாளைப் பிரிக்காதீர்கள், கீபோர்டை விரிக்காதீர்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, படுத்திருப்பவரிடம் நேராகக் கேளுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். என்ன பாட வேண்டும் என்று பிறகுதான் கேட்பேன். எப்போது பாட வேண்டும் என்று முதலில் கேட்பேன். "இன்னும் இல்லை" என்று அவர் சொன்னால், நானும் அவரோடு உட்கார்ந்து காத்திருப்பேன்.